கேட்டுக்குள் கயிறு வரக்கூடாது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. என் கையாலேயே எழுதுவது. சந்தேகம் இருந்தால் வரிகள் எப்படிக் கோணிக்கொண்டு போகின்றன என்று பார், வேறு யாராலும் இப்படி எழுத முடியாது. நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துத் தொடங்குகிறேன்.

இது உனக்கு நான் எழுதும் இரண்டாவது கடிதம். முதல் கடிதத்தைக் கழுதை தின்றுவிட்டது. நீ ஆசைப்பட்டபடி, மாதக் கடைசியில் இந்த வீட்டைப் பூட்டிவிட்டு உன்னோடு வந்துவிடுகிறேன் என்று அதில் எழுதியிருந்தேன். அதைத் திரும்ப எழுதப் போவதில்லை.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ பேசுகிறாய், நான் ‘ம்’ கொட்டுகிறேன். கடிதத்தில் நான் பேசுகிறேன், நீ நடுவில் புக முடியாது. இத்தனை வயது வரை இந்தச் சுகம் தெரியாமல் இருந்துவிட்டேன். முதியோர் கல்வி வகுப்பு டீச்சர், “ஐயா, ஒரு பக்கம் எழுதினா போதும்” என்கிறாள். எனக்குப் போதவில்லை.

கழுதை விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்து வீட்டுத் தையல்காரர் உன்னிடம் ஏற்கெனவே வத்தி வைத்திருப்பார், உங்கப்பா கழுதை வளர்க்கிறார் என்று. நான் வளர்க்கவில்லை. பின்சந்தில் மாடி வீடு கட்டினார்களே, அங்கே செங்கல் சுமந்த கழுதைகளில் இது ஒன்று. வேலை முடிந்ததும் மற்றவற்றை ஓட்டிக்கொண்டு போனவர்கள், நொண்டுகிறது என்று இதை மட்டும் விட்டுவிட்டார்கள். சந்தில் போகிறவன் வருகிறவன் எல்லாம் கல்லெறிந்தான். நான் பின்பக்கக் கேட்டைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். சாயங்காலம் பார்த்தால் நம் மரத்தடியில் நிற்கிறது. யாரும் யாரையும் இழுக்கவில்லை.

பெண் கழுதை. பாரம் உரசி முதுகில் முடி கொட்டிய தழும்பு. கவனிப்பார் இல்லாமல் குளம்புகள் நீண்டு, நுனி மேலே வளைந்து, நாடகத்து ராஜா போட்டுக்கொள்ளும் செருப்பு மாதிரி இருக்கின்றன. ஒவ்வோர் அடியும் யோசித்துத்தான் வைக்கிறது. மாட்டு ஆஸ்பத்திரி டாக்டரம்மா வந்து தூரத்தில் நின்றே பார்த்தாள். மழை பிடிப்பதற்குள் குளம்பைச் சீவியாக வேண்டும், சேற்றில் நின்றால் உள்ளே சீழ் வைத்துவிடும், அப்புறம் காலைக் காப்பாற்ற முடியாது என்றாள். ஆனால் யாரையாவது பக்கத்தில் விட்டால்தானே. கையை நீட்டினாலே காது பின்னால் மடிந்து, உடம்பு கல்லாகிவிடும்.

லாடக்காரர் வந்தார். “நாலு ஆளு, ஒரு கயிறு. உருட்டிப் போட்டா அரை மணி நேர வேலை. கழுதைகிட்ட போய்ச் சம்மதமா கேட்டுக்கிட்டு இருப்பாங்க?” என்றார். கேட்கத்தான் போகிறேன் என்றேன். அவர் தையல்காரரைப் பார்த்துத் தன் தலைப் பக்கம் விரலைச் சுழற்றிக் காட்டினார். நான் பார்க்கவில்லை என்று நினைப்பு. கேட்டுக்குள் கயிறு வரக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. “அப்படின்னா அது முகத்தைப் பார்க்காதீங்க. நேரா நடந்து போகாதீங்க. பக்கவாட்டுல உக்காந்து உங்க வேலையைப் பாருங்க. அதுதான் வரணும், நீங்க போகக்கூடாது” என்றாள். சும்மா உட்கார எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். அதனால் மரத்தடியில் முக்காலியைப் போட்டு உனக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நான் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் நிழல் இடம் மாறிவிடும். அந்த வேகம் அதற்குப் பிடித்துப்போயிற்று. நாளுக்கு நாள் கிட்டே வந்து நின்றது. கடைசியில் கையெழுத்தையும் போட்டுவிட்டு, எப்படி இருக்கிறது என்று பார்க்கத் தாளைத் தள்ளிப் பிடித்தேன். தோளருகே சூடாக ஒரு மூச்சு. அப்புறம் கையில் தாள் இல்லை. நான் திரும்பவே இல்லை. கடைசி மூலை வரை அது மென்ற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். உன் கல்யாணத்துக்குப் பிறகு இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

இந்தக் கடிதத்தை வீட்டுக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு முடிக்கிறேன்.

எழுதத் தெரிந்த உன்
அப்பா


மகளுக்கு,

உன் மேல் கோபமாக இருக்கிறேன். நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

நேற்று நான் வகுப்புக்குப் போயிருந்த நேரம் பார்த்துத் தையல்காரர் கேட்டைத் திறந்துவிட்டிருக்கிறார். லாடக்காரர், அவரோடு இன்னும் மூன்று தடியர்கள், கயிறு. நீதான் போனில் சொன்னாயாம். “நான் வர்றதுக்குள்ள அந்தக் கழுதை வேலையை முடிச்சு எங்கயாவது அனுப்பிடுங்க மாமா. இல்லன்னா அப்பா அதையே சாக்கு சொல்லிட்டு உக்காந்துடுவாரு” என்று.

கயிற்றை வீசியதும் அது ஓடவில்லையாம். அப்படியே நின்றதாம். கழுதை பயந்தால் ஓடாது, நின்றுவிடும், அதைத்தான் எல்லோரும் திமிர் என்கிறார்கள் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தாள். இவர்களும் திமிர் என்று நினைத்து இழுத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் விழுந்து தண்ணீர்த் தொட்டியை உடைத்துக்கொண்டு எழுந்து, லாடக்காரரின் தொடையில் ஒன்று கொடுத்திருக்கிறது. எல்லோரும் ஓட்டம். ஒரு குளம்பைக்கூடத் தொடவில்லை.

நான் வரும்போது சுவர் மூலையில் முகத்தை வைத்து நின்றுகொண்டிருந்தது. தோல் நடுங்கிக்கொண்டே இருந்தது. தையல்காரர் கழுத்தில் நாடாவோடு கேட்டருகில் நின்றுகொண்டு, “நல்லதுக்குத்தானே செஞ்சோம். குளம்பு சரியானா அதுக்குத்தானே சுகம்” என்றார். “நல்லதுதான். அதை அதுகிட்ட யார் சொன்னது?” என்று கேட்டேன். பாவம், நல்ல மனிதர். அவரைத் திட்ட மனசு வரவில்லை. திட்ட வேண்டியவள் இங்கே இல்லை.

போன வாரம் போனில் கேட்டாயே, கழுதை முக்கியமா நான் முக்கியமா என்று. அப்போதும் ‘ம்’ கொட்டினேன். இப்போது பதில் எழுதுகிறேன். சின்ன வயதில் நீ கோபித்துக்கொண்டு மொட்டை மாடியில் போய் உட்காருவாய். உன் அம்மா கீழே நின்று கூப்பிடக் கூப்பிட இன்னும் தள்ளிப் போவாய். நான் ஒரு முறம் பட்டாணியை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து உரிப்பேன். மேலே பார்க்க மாட்டேன். கொஞ்ச நேரத்தில் நீயே இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பிப்பாய். பாதியை உரித்தவுடனே தின்றும் விடுவாய். உன்னை ஒரு தடவைகூடத் தூக்கிக்கொண்டு இறங்கியது கிடையாது. யார் முக்கியம் என்று நீயே கணக்குப் பண்ணிக்கொள்.

நான் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பிப்பேன். மழைக்கு முன் முடியாது என்கிறார்கள். மழையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை நலமா.

அப்பா


அன்பு மகளுக்கு,

கோபம் போய்விட்டது. முழுக்கப் போகவில்லை, எழுதுகிற அளவுக்குப் போய்விட்டது. நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாற்காலியில் இரண்டு காலையும் மடக்கி உட்காராதே.

அன்றைக்கு ஓடிய அவசரத்தில் லாடக்காரர் தன் அரத்தை இங்கேயே விட்டுவிட்டார். குளம்பு தேய்க்கிற பெரிய அரம். அந்தச் சத்தம்தான் பெரிய பயமாக இருக்கும் என்று டாக்டரம்மா சொன்னதால், எழுதுவதற்குப் பதில் தினமும் முக்காலியில் உட்கார்ந்து ஒரு கட்டையில் அந்த அரத்தைத் தேய்த்தேன். முதலில் மூலையை விட்டு அது அசையவே இல்லை. நானும் திரும்பிப் பார்க்கவில்லை. தீவனத்தை வைத்துவிட்டுத் தேய்ப்பேன், அது பயப்படுவதற்கு முன்னாலேயே நிறுத்திவிட்டு எழுந்து போய்விடுவேன். அதுதான் விஷயம். போதும் என்று அது சொல்வதற்கு முன்னால் நாம் போதும் என்றுவிட வேண்டும்.

தையல்காரர் சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு ஏறி நின்று பார்ப்பார். “வேலை செய்யறவங்களைப் பார்த்துக்கிட்டே நிக்குது. தானா ஒரு துரும்பைக்கூட அசைக்கிறதில்ல. சரியான மேனேஜர்” என்றார். அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

ஒரு நாள் மேனேஜர் வந்து என் தோளில் மூக்கைத் தேய்த்தது. முகத்துக்குக் கையைக் கொண்டுபோகாமல், கழுத்து முதுகோடு சேரும் இடத்தில் சொறிந்துவிட்டேன். கீழுதடு தொங்கிப்போயிற்று. காது இரண்டும் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டன. அங்கிருந்து தோள், தோளிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து குளம்பு. குளம்பைத் தூக்கி, அது இழுப்பதற்குள் நானே கீழே வைத்துவிடுவேன். எதற்காகத் தூக்கினான், எதற்காக வைத்தான் என்று என்னைப் பார்க்கும். பைத்தியக்காரன் என்று முடிவு செய்து விட்டுவிட்டது போலிருக்கிறது. இந்த ஊரில் எல்லோரும் அந்த முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள்.

அரத்தைக் கேட்டு லாடக்காரர் வந்தார், லேசாக நொண்டிக்கொண்டு. நான் தேய்ப்பதையும் அது பக்கத்தில் நின்று தீவனம் மெல்வதையும் பார்த்துவிட்டுக் கேட்டருகிலேயே நின்றார். உள்ளே வந்து உட்காருங்கள், டீ தருகிறேன், அதன் முகத்தை மட்டும் பார்க்காதீர்கள் என்றேன். “என்ன, கழுதை எனக்கு இன்டர்வியூ வைக்குதா?” என்றார். ஆமாம் என்றேன். முதல் நாள் தேறவில்லை. மூலைக்குப் போய்விட்டது. மனிதர் விடவில்லை, மறுநாளும் வந்தார். அதற்கு அடுத்த நாளும். முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படித்தார். கடைசியில் அது வந்து அவர் சட்டைக் காலரை முகர்ந்து பார்த்தது. அவ்வளவு பெரிய ஆள், மூச்சுக்கூட விடவில்லை.

இன்று காலை முன்னங்கால் குளம்பு ஒன்றைச் சீவி முடித்தோம். நான் சொறிந்துகொண்டே நின்றேன், அவர் குனிந்து வேலை செய்தார். நடுவில் மேனேஜர் ஒரு பெருமூச்சு விட்டுத் தன் பாரத்தையெல்லாம் அவர் முதுகில் சாய்த்துவிட்டது. “பெரியவரே, என் மேல சாஞ்சுக்கிட்டுத் தூங்குது” என்றார் மெதுவாக. எழுப்பிவிடப் போகிறோமே என்ற பயம் அவர் குரலில் இருந்தது. போகும்போது, “ஒத்தைக் காலுக்கு நான் இவ்வளவு நாள் அலைஞ்சதை வெளியில சொல்லிடாதீங்க, தொழில் கெட்டுடும்” என்றார். உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

இன்னும் மூன்று குளம்புகள் பாக்கி. மேகம் கூடிவிட்டது. மழை முந்திக்கொண்டால் மரத்தடியில் பலகை பரப்பி, சேறு படாமல் வைத்துக்கொள்வேன். பலகைக்குச் சொல்லி வைத்துவிட்டேன். எப்படி ஆனாலும் கயிறு வராது.

அதோடு முடிந்துவிடுமா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். குளம்பு நம் நகம் மாதிரி, வளர்ந்துகொண்டே இருக்கும், அது உள்ள காலம் வரை சீவிக்கொண்டே இருக்க வேண்டும் என்றாள். கழுதைக்கு ஆயுசும் அதிகமாம். எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி.

நான் குளியலறையில் விழுந்ததை நீ மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை, இடுப்பு மறக்க விடாது. சுவரில் கைப்பிடி வைத்துவிட்டேன். தரைக்குச் சொரசொரப்பாய்க் கல் போட்டாயிற்று. அது மட்டும் இல்லை. காலையில் நான் தீவனம் கொண்டுவரத் தாமதமானால் மேனேஜர் கத்துகிற கத்தலில் தெருவே எழுந்துவிடுகிறது. தையல்காரர் வாயில் பிரஷ்ஷோடு ஓடிவந்து கதவைத் தட்டி, “இருக்கீங்களா?” என்கிறார். உன் எட்டாவது மாடியில் நீங்கள் இருவரும் ஆபீஸ் போன பிறகு எனக்காக யார் கத்துவார்கள்?

நீ வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வா. மாதக் கடைசியில் சொன்ன நாளிலேயே வா. அட்டைப் பெட்டியும் டேப்பும் மட்டும் கொண்டுவராதே. வாசலில் நின்றுகொண்டு, “அப்பா, இன்னும் கிளம்பலையா” என்று கூப்பிடாதே. சுற்றிக்கொண்டு பின்பக்கக் கேட் வழியாக வா, திறந்துதான் இருக்கும். மரத்தடியில் இன்னொரு முக்காலி போட்டு வைக்கிறேன். முறத்தில் பட்டாணி இருக்கும். என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்து உரி. அவசரம் இல்லாமல் உரி. எவ்வளவு வேண்டுமானாலும் தின்னு.

நீ எந்தப் பயமும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அம்மா. உட்கார்ந்திரு. நானே பக்கத்தில் வருவேன்.

என்றும் உன்
அப்பா