ஃபேன் என்ன சொன்னது

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து மழை. லீவு.

சிஸ்டர் சொன்னபடி நோட்டு வாங்கியாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் தம்பியைப் பார்த்துக்கொண்ட பிந்து சிஸ்டர். "வீட்டுல ஒராள் எழுதணும், செல்வி. உறக்கம், பக்ஷணம், மருந்நு, வர்த்தமானம். நாலு காரியம் மதி." நாலு விஷயம் போதுமாம். ஆகவே:

தூ. = தூக்கம்
சா. = சாப்பாடு
மா. = மாத்திரை (காலை 1, ராத்திரி 2)
பே. = பேச்சு

அவர் கேட்டது இவ்வளவுதான். ஆனால் எனக்குக் கை சும்மா இருக்காது, மீதியையும் எழுதுவேன்.

சுரேஷ் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தான். வயது இருபத்தாறு. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம், பிறகு களமசேரிப் பக்கம் போதை விடுவிக்கிற இடத்தில் நாற்பது நாள். அதற்கு முன்னால் எட்டு மாதம் அந்தப் பொடி. எட்டு மாதமும் ஒரே வீட்டில் இருந்தேன், எனக்குத் தெரியவில்லை. ஊர் வீட்டுக் குப்பையெல்லாம் கிளறிப் பார்க்கிறவள் நான்!

கடைசியில் ஆறு நாள் தூங்காமல் இருந்தான். ஃபேன் தன்னிடம் பேசுகிறது என்றான். ஏணி போட்டு இறக்கி, கழற்றி, ஒவ்வொரு துண்டாகப் பிரித்துத் தரையில் பரப்பி, நடுவில் உட்கார்ந்து நடுங்கினான். அந்தத் துண்டுகள் இன்னும் கட்டிலுக்கு அடியில், அரிசிச் சாக்கில்.

ஃபேன் என்ன சொன்னது? எனக்கு அதுதான் தெரிய வேண்டும். கேட்கலாமா என்றதற்கு சிஸ்டர் கையை ஆட்டினார். "கேக்கண்ட கேட்டோ. அவன் பறயும்போ கேட்டா மதி." நானாகக் கேட்க வேண்டாமாம், அவனாகச் சொல்லும்போது கேட்டால் போதுமாம்.

தூ. 10 மணி நேரம். சா. கஞ்சி, பப்படம் இரண்டு. மா. ஆச்சு. பே. "மதி", "வேண்டா", "ம்".

ஜூன் 10, செவ்வாய்

மழை. வேலைக்குப் போனேன். ரம்லத் இத்தாவும் நானும் சேர்ந்து முப்பத்தெட்டு வீடு, நாலு மசாலாக் கிடங்கு. கார்ப்பரேஷனுக்காகப் பிளாஸ்டிக் சேகரிக்கிற வேலைக்கு வந்து ஆறு வருஷம். இப்போதெல்லாம் ஆளைப் பார்க்காமலே வீட்டைச் சொல்லிவிடுவேன். மூலை வீட்டு மாஸ்டருக்கு சர்க்கரை வியாதி, ஆனால் மிட்டாய்த் தாள் வருகிறது. மாடி வீட்டில் பால் கவர் இரண்டிலிருந்து ஒன்றாகிவிட்டது. யார் போனார்கள்? கேட்க வாய் வந்தது. இத்தா கிள்ளினாள்.

சேகரித்ததைப் போடுகிற ஷெட்டு முழுக்க ஒழுகல். நனைந்ததை அங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கிடங்குச் சாக்கு இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, உள்ளேயிருந்த கவர்களை அலசி, பின்பக்கக் கொடியில் க்ளிப் போட்டுக் காயவைத்திருக்கிறேன். கொண்டுவரக் கூடாது, தெரியும்.

சுரேஷ் வாசலில் நின்று கொடியையே பார்த்துக்கொண்டிருந்தான். கவர்கள் காற்றில் படபடவென்று அடித்தன. பயப்படுகிறானோ என்று நினைத்தேன். இல்லை, ஒரு கவர் விழுந்ததும் எடுத்து மறுபடி மாட்டினான்.

தூ. 9. சா. நன்றாக. சாயாவில் சர்க்கரை நாலு ஸ்பூன். (எதற்கு இந்த இனிப்பு ஆசை? மருந்தா? சிஸ்டரிடம் கேட்க.) மா. ஆச்சு. பே. "நனையுது அக்கா."

இரண்டு முழு வார்த்தை.

ஜூன் 12, வியாழன்

ஸ்க்ரூ டிரைவர் கேட்டான்.

கடைசியாக அது அவன் கையில் இருந்த நாளைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். "எதுக்குடா?" என்றேன். "ஃபேன்." அவ்வளவுதான் பதில்.

கொடுத்தேன். கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பயறில் கல் பொறுக்கினேன். மருந்தால் கை நடுங்குகிறது. ஒரு ஸ்க்ரூவைப் பிடிக்க மூன்று தடவை முயற்சி. நான் கை நீட்டினால் தள்ளிவிடுகிறான். முன்பெல்லாம் பேச்சு அருவி மாதிரிக் கொட்டும். இப்போது ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் பார்க்கிறான். உள்ளே என்ன ஓடுகிறது? ஏதாவது ஓடுகிறதா?

அவன் பார்க்காதபோது எழுதுகிறேன். தமிழில் எழுதுவதும் அதற்குத்தான். படித்தது மலையாளம் என்பதால் தமிழை எழுத்துக் கூட்டித்தான் அவனுக்கு வாசிக்க வரும்.

தூ. 8. சா. சுமார். மா. ஆச்சு. நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு துப்புகிறானா என்று வாயைத் திறக்கச் சொன்னேன். திறந்து காட்டினான். எனக்குத்தான் கூச்சமாகிவிட்டது.

ஜூன் 14, சனி

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலை 11. மழை விட்டிருந்தது. விரிப்பு மாற்றத் தலையணையைத் தூக்கினேன். அடியில் குட்டிக் கவர்கள். ஜிப் போட்டவை, தீப்பெட்டி அளவு. ஏழு. எல்லாம் காலி. போன மாதம் வேலையில் எங்களுக்கு எடுத்த போதை ஒழிப்பு வகுப்பில், பொடி விற்பது இதில்தான் என்று இதே மாதிரிக் கவரைத்தான் தூக்கிக் காட்டினார்கள்.

அப்புறம் நான் பேசியதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதுகிறேன். "மறுபடியுமா? எனக்குக் குழி தோண்டிட்டுத்தான் விடுவியா?" அவன் "அக்கா, அது..." என்று தொடங்கினான். விட்டேனா? "வாயைத் தொறக்காதே" என்றேன். ஒரு வாரமாக வாயைத் திறக்க மாட்டானா என்று ஏங்கியவள்.

சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான். ஃபோன் மேஜைமேல் கிடந்தது.

ரம்லத் இத்தாவைக் கூப்பிட்டேன். இருவரும் படகு ஜெட்டி வரை போனோம், பஜார் முழுக்கப் பார்த்தோம், பழைய கூட்டாளிகள் நிற்கிற பாலத்தடியிலும் பார்த்தோம். இல்லை. அங்கே இல்லை என்பதில் கொஞ்சம் உயிர் வந்தது. எப்போது திரும்புவான் என்று யாரைக் கேட்பது?

வீட்டில் இத்தா ஒரு கவரை எடுத்து ஜிப்பைத் திறந்தாள், முகர்ந்தாள். என்னைப் பார்த்தாள். "எடீ பொட்டீ. இது கிராம்பூ ஆணு."

முகர்ந்தேன். கிராம்பு. இன்னொன்றில் ஏலம். கிடங்கில் சாம்பிள் போட்டு வியாபாரிக்குக் காட்டுகிற கவர். நானே கொண்டுவந்து, நானே அலசி, நானே கொடியில் மாட்டியது.

அரிசிச் சாக்கை இழுத்துப் பார்த்தோம். அதற்குள்ளே இன்னும் பதினொரு கவர். ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று ஸ்க்ரூ, வாஷர். கூடவே மலையாளத்தில் எழுதிய துண்டுச் சீட்டு: 'இறக்கை', 'மேல் மூடி', 'எதுவென்று தெரியவில்லை'.

எந்தக் கவரைப் பிரித்தாலும் மூக்குக்குக் கொண்டுபோகாமல் சாக்கில் போட மாட்டேன். அதை மட்டும் முகரத் தோன்றவில்லை எனக்கு.

4.10க்கு வந்தான். தொப்பலாக நனைந்து. என்னைப் பார்க்காமல் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்தான். ஆஸ்பத்திரிச் சீட்டு. படகு பிடித்து எர்ணாகுளம் போய், சிஸ்டரிடம் கேட்டு, சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொண்டு வந்திருக்கிறான். யாரும் சொல்லாமல், தனியாக. ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தது.

"உன் நோட்டுல ஒட்டிக்கோ" என்றான்.

தெரிந்திருக்கிறது.

தூ. தெரியாது. சா. வேண்டா. மா. தானே எடுத்துப் போட்டுக்கொண்டான்.

ஜூன் 15, ஞாயிறு

"தப்பு என்னோடதுடா. முழுக்க என்னோடது." சொல்லிவிட்டேன். "ம்" என்றான். எந்த மாதிரி 'ம்' என்று கேட்கவில்லை.

இன்று ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை என்று முடிவு. கேட்காமல் விட்டவை: சாயா வேணுமா, தலை வலிக்குதா, படகில் பயமாக இருந்ததா, சிஸ்டர் என்ன சொன்னாங்க, எங்கே பார்த்துக்கிட்டிருக்கே, சிரிச்சியா இப்போ. மதியத்துக்குள் எனக்கே தலைவலி.

கப்பைக் கிழங்கும் மீனும் செய்தேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

தூ. 9. மா. ஆச்சு. பே. "உப்பு."

ஜூன் 17, செவ்வாய்

ஃபேன் ஓடுகிறது!

'எதுவென்று தெரியவில்லை' கவர் மட்டும் மிச்சம். அதில் இரண்டு ஸ்க்ரூ. "அது இல்லாமலே சுத்துது பாரு" என்றான். கொஞ்சம் கிறீச்சிடுகிறது. அடியில் நிற்க எனக்குத்தான் தைரியம் இல்லை. அவன் பாயை அதற்கு நேர்கீழே போட்டுப் படுத்தான். நான் சுவரோரம் உட்கார்ந்தேன்.

அவனாகவே சொன்னான். மேலே பார்த்துக்கொண்டு.

"இப்போ சும்மாதான் சுத்துது அக்கா. அப்போ பேசிக்கிட்டே இருக்கும்."

வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். முடியவில்லை. "தமிழிலயா, மலையாளத்திலயா?"

திரும்பிப் பார்த்தான். "உனக்கு அதாக்கும் கேக்கத் தோணுது! தமிழில."

"ம்."

"அக்கா எழுதறா, அக்கா எழுதறா. அதேதான். ராவும் பகலும். அக்கா உன்னைப் பாத்துப் பாத்து எழுதறா."

அப்போது இந்த நோட்டே கிடையாது. நான் எதுவும் எழுதவில்லை, எதையும் கவனிக்கக்கூட இல்லை. அதற்குப் பயந்து ஆறு நாள் தூங்காமல் கிடந்த பிள்ளை வீட்டுக்கு வந்து பார்த்தால், அக்கா நிஜமாகவே மூலையில் ஒளிந்து எழுதிக்கொண்டிருக்கிறாள். வந்த மூன்றாம் நாளிலிருந்து.

"அடுப்புல போட்டுடறேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"வேண்டா. மறைச்சு வச்சு எழுதாதே, அது மதி. வாசி, நான் கேக்கறேன்."

முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். எதையும் விடவில்லை, சனிக்கிழமையையும்தான். 'இல்லாத பயறில் கல் பொறுக்கினேன்' என்ற இடத்தில் சிரித்தான். "தெரியும், அது காலி முறம்." சனிக்கிழமை வந்ததும் கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டானோ என்று நிறுத்தினேன். "ம், பாக்கி" என்றான்.

தூ. – சா. – மா. – எல்லாம் சரி. பே. எழுத இடம் போதாது.

ஜூன் 18, புதன்

வெயில். சாக்கு இரண்டும் ஷெட்டில் சேர்த்தாயிற்று.

சாயங்காலம் நம் வீட்டுக் குப்பையைப் பிரித்தேன். மாத்திரைப் பட்டை ஒரு பக்கம், அட்டைப் பெட்டி ஒரு பக்கம். அவன் மாத்திரைப் பெட்டி ஒன்று தட்டையாகப் பிரித்து மடித்துக் கிடந்தது. உள்பக்கம் மலையாளத்தில் எழுத்து. நடுங்கி நடுங்கி எழுதியது. தலைப்பு: அக்கா.

அப்படியே இங்கே தமிழில்:

9 – உறக்கம் 4 மணி நேரம்
10 – 4½. இத்தா கூட சிரிச்சா
12 – 3. டிரைவர் தந்தா
14 – அழுதா. சாயா மட்டும்
15 – ஒண்ணும் கேக்கல. பயமாருக்கு
16 – 5
17 – 7. ஃபேனுக்குக் கீழே

அதற்குக் கீழே இடம் இல்லை. அதனால்தான் போட்டுவிட்டான் போல.

என் காஸ் மாத்திரைப் பெட்டியில் இன்னும் பத்து மாத்திரை இருந்தது. அதையெல்லாம் டம்ளரில் போட்டேன். பெட்டியைப் பிரித்து, கையால் நீவி, அவன் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். பேனாவும்.