என் வேலைக்கு எனக்கே நேர்முகத் தேர்வு

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்க முழங்கால் வலி தேவலையா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுறாளா? நான் இங்கே சுகம்.

பல்கலைக்கழகத்துல நான் பார்க்கிற ஆராய்ச்சி உதவியாளர் வேலைக்கே மறுபடி ஆள் எடுக்கிறாங்க. ஒப்பந்தம் முடிஞ்சா அப்படித்தான். நேத்து நேர்முகத் தேர்வு. வந்தவங்களுக்கு நாற்காலி போட்டு, சர்டிபிகேட்டெல்லாம் சரிபார்த்துட்டு, கடைசி ஆளா நானும் உள்ளே போனேன். வந்ததுல பாதிப் பேர் டாக்டரேட் முடிச்சவங்க. ஒரு மலையாளப் பொண்ணு, நான் ஆபீஸ் ஆள்னு நினைச்சு, “சேச்சி, ஆளை முன்னாடியே முடிவு பண்ணிட்டாங்களா?”ன்னு என்கிட்டேயே கேட்டா. சிரிச்சுட்டேன். நல்லாத்தான் பதில் சொன்னேன், பயப்படாதீங்க. சாயங்காலம் ஆய்வகச் சாவியைத் திருப்பி வாங்கிக்கிட்டாங்க. அதுவும் வழக்கம்தானாம்.

அம்மாகிட்டே நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்பச் சொல்லுங்க. பஸ் ஸ்டாப்புல உட்கார்ந்துதான் எழுதுறேன், தம்பானூர் பஸ் வந்தாச்சு, ஒண்ணே ஒண்ணு: பார்சல்ல பல்கலைக்கழக முகவரி வேண்டாம், வலியசாலை ஹாஸ்டல் முகவரியே எழுதுங்க.

உங்கள் மகள்,
ஆவுடைத்தாய்