அழுவதுபோல் கேட்கும் குரல்

ஆக. 4, திங்கள்

காலையிலிருந்து தூறல். கச்சிபௌலியில் வண்டிகள் நகரவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தாமதம். கார்த்தி லீவ் போட்டுவிட்டுக் கூட வந்தான்.

மூக்கு வழியாகக் கேமரா. எண்பதிலிருந்து இங்கிலீஷில் எண்ணச் சொன்னார்கள். இரண்டு எண்ணுக்குள் குரல் நெரிந்து அறுந்தது. பிறகு குரல் பயிற்சி தரும் பெண், தெலுங்கில், "நவ்வண்டி மேடம்." சிரிக்க வேண்டுமாம். சிரித்தேன். முழுக்குரல். பொய் சொல்லி மாட்டிக்கொண்டதுபோல அவமானம்.

டாக்டர் சொன்னது: இந்த நோயில் சிரிப்பு தப்பிவிடும். பேசும்போது மட்டும் மூளை தப்பான கட்டளை அனுப்ப, குரல்நாண்கள் இறுகுகின்றன. டென்ஷன் இல்லை. (ஒரு வருஷமாக எல்லாரும் டென்ஷன் என்றார்கள். யோகா, பனங்கற்கண்டு, கவுன்சலிங்.) முழுக்கக் குணமாகாது. போட்டாக்ஸ் ஊசி இறுக்கத்தைத் தளர்த்தும். சில மாதத்துக்கு ஒருமுறை. எப்போதும்.

நோய்க்குப் பெயர் கிடைத்ததில் நிம்மதி. லிஃப்ட் வரும்வரை.

ஆக. 5

அம்மா, பாளையங்கோட்டையிலிருந்து. "ஏட்டி, அழுதியா?"

"இல்லம்மா." அழுகிற மாதிரியே வந்தது.

"மாப்பிள்ளை ஏதும் சொன்னாவளா?"

மாதக்கணக்கில் இதே. கார்த்தி என்னைக் கொடுமைப்படுத்துவதாக முடிவே கட்டிவிட்டாள். நேற்று நோயைப் பற்றி நீளமாக டைப் செய்து அனுப்பினேன். "அத அவுகதான் எழுதி அனுப்பிருக்காவன்னு எனக்குத் தெரியாதா? ஒரு வார்த்த சொல்லுட்டி. அண்ணன் வந்து கூட்டிட்டு வந்துருவான்."

கார்த்தி போனை வாங்கி விளக்கினான். நம்பவில்லை. வைத்ததும், "பேசாம கொடுமைப்படுத்தியே இருக்கலாம்" என்றான். சிரித்தேன். அது மட்டும் நன்றாக வருகிறது. அம்மாதான் கேட்கவில்லை.

ஆக. 7

கழுத்தில் ஊசி. அதிலிருந்து ஒரு கம்பி, ஒரு பெட்டிக்கு. 'ஈ' என்றதும் பெட்டி இரைந்தது. தசையைத் தொட்டுவிட்டது என்று அர்த்தமாம். என்னைவிடப் பெட்டிக்கு நல்ல குரல்.

எச்சரிக்கை: கொஞ்ச நாள் வெறும் காற்றாக வரும். தண்ணீர் புரையேறும். தாடையைத் தாழ்த்தி, சிறு மடக்காக.

வீடு. தூக்கம். பால் வாங்க மறந்தாயிற்று.

ஆக. 9

காற்றுதான். ஆனால் அறுபடவில்லை. குளியலறையில் என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். அழுகை இல்லை. நாளை அம்மாவிடம் நானே பேசுவேன். கார்த்தியிடம் சொன்னேன். தோசைக்கல்லைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, "அப்ப எனக்கு விடுதலையா?"

ஆக. 10, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது. பேச வேண்டியதை மனசில் மூன்று வாக்கியமாக வைத்திருந்தேன். தம்ளரில் தண்ணீரோடு உட்கார்ந்து கூப்பிட்டேன்.

"அம்மா, நான் நல்லாருக்கேன்."

அவளும் குரலைத் தாழ்த்தினாள். "ஏன் ரகசியமா பேசுத? பக்கத்துல இருக்காவளா?"

ஒரு மடக்கு குடித்தேன்.

"நீ ஒண்ணும் சொல்லாண்டாம். ஆமான்னா இருமு. நான் பாத்துக்கிடுதேன்."

தாடையைத் தாழ்த்த மறந்திருந்தேன். புரையேறியது. கண்ணில் நீர் வரும்வரை இருமல்.

நின்றபோது லைன் இல்லை. திரும்ப அடித்தேன். பிஸி. அண்ணன் நம்பர், பிஸி.

சமையலறையிலிருந்து கார்த்தி: "இன்னைக்காவது உங்கம்மாவுக்குச் சரியா கேட்டுச்சா?"