மேசைக்கு அடியில் ஒரு அம்மா

ஆவடி,
சனிக்கிழமை இரவு, மணி பன்னிரண்டே கால்.

அன்புள்ள பவ்யாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள், வீடு அடங்கிய பிறகுதான் எனக்குப் பேனா கையில் வருகிறது. இங்கே நான், அப்பா, தொட்டியில் மிச்சமிருக்கும் இரண்டு மீன்கள், நாலு பேரும் சுகம். புனேயில் நீயும் சுகமாக, முக்கியமாக வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்பாய். போனில் நீ கட்டைவிரல் படம் மட்டும்தான் அனுப்புகிறாய், நான் பேசினாலோ இரண்டாவது நிமிடத்தில் குரல் ஏறிவிடுகிறது. காகிதத்தில் கத்த முடியாது, அதனால்தான் இது.

இன்ஜினியரிங்கை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு அந்த பேக்கரியில் முழு நேரம் சேர்கிறேன், டிகிரியைத் தொலைதூரக் கல்வியில் முடித்துக்கொள்கிறேன் என்று மூன்று மாதத்துக்கு முன்னால் நீ சொன்னபோது நான் என்ன சொன்னேன் என்பது உனக்கும் நினைவிருக்கும், எனக்கும் இருக்கிறது, பால்கனி வழியாக எதிர் பிளாக்குக்கும் இருக்கிறது. தபால்ல வர்றதெல்லாம் ஒரு படிப்பாடி, புக்கை வாங்கி லாஃப்ட்ல போட்டுட்டுப் பரீட்சைக்கு முந்தின நாள் தூசி தட்டுறதுக்குப் பேர் டிகிரியா என்றேன். அன்றிலிருந்துதான் கட்டைவிரல். இப்போது ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. நானும் தபாலில்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். நீ போனை வைத்த மறு வாரமே என் ஸ்கூலில் கூப்பிட்டு, யு.கே.ஜி. எடுக்க என் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி போதாது, மழலையர் கல்வியில் ஒரு டிப்ளமோ முடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஜூனில் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்கள். உன்னிடம் எந்த முகத்தோடு சொல்வது? அதனால் சொல்லவில்லை. பார்சலில் புத்தகங்கள் வந்தன. அப்பாவிடம் கொடுத்து லாஃப்டில்தான் வைக்கச் சொன்னேன்.

எனக்குத் தெரிந்த தொலைதூரப் படிப்பு உன் ஒன்பதாம் வகுப்புதான். லாக்டவுனில் நீ லேப்டாப் முன்னால் உட்கார, நான் மேசைக்கு அடியில் சிலேட்டோடு உட்கார்ந்து சார் கேட்பதற்கெல்லாம் விடை எழுதிக் காட்டினேனே, அதுதான். மேசைக்கு அடியில் ஒரு அம்மா இருந்துவிட்டால் போதும், தூரத்திலிருந்து எதையும் படித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். இப்போது என் மேசைக்கு அடியில் யாரும் இல்லை. அப்பாவைக் கேட்டதற்கு, முட்டி மடங்காது தாட்சாயிணி, வேணும்னா டீ போட்டுத் தரேன் என்கிறார்.

தபால் படிப்பு என்றாலும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொரட்டூரில் நேர் வகுப்பு உண்டு. முதல் நாள் வாசலில் வாட்ச்மேன் வேம்புலி என்னை நிறுத்தி, இன்னாக்கா, பொண்ண வுட வந்தியா, பெத்தவங்கல்லாம் மரத்தாண்ட நில்லுங்க என்றார். நான்தாம்பா ஸ்டூடண்ட் என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, அட, அப்ப உன்ன வுட யாரு வந்துகீறா என்று கேட்டார். அப்பா மரத்தடியில் பைக்கோடு நின்று, நான் உள்ளே போகும்வரை கை ஆட்டிக்கொண்டிருந்தார். எனக்கு எப்படி இருந்திருக்கும்! உன்னை ஹாஸ்டலில் விட்ட அன்று நானும் கேட்டில் நின்று அப்படித்தான் ஆட்டினேன், நீ திரும்பியே பார்க்காமல் போனாய் என்று ஒரு வாரம் அழுதேன். இப்போது புரிகிறது, நானும் திரும்பிப் பார்க்கவில்லை.

இனிமேல்தான் மானம் போன கதை. ஒரு குழந்தையை ஐந்து நாள் கவனித்து அறிக்கை எழுத வேண்டும் என்று ஒரு அசைன்மென்ட். மேல் வீட்டு லாவண்யா போன வருடம் இதே டிப்ளமோவை முடித்தவள், தன் பையன் சரணைப் பற்றி எழுதியதைக் கொடுத்து, சும்மா காப்பி பண்ணுங்கக்கா, யாரும் படிக்க மாட்டாங்க என்றாள். பிட் அடிக்கிறவனுக்கு வாழ்க்கையே பிட்டாகப் போய்விடும் என்று உன்னை மிரட்டிய நான், இருபத்திரண்டு பக்கம், அடிக்கோடு சிவப்பு இங்க் உட்பட, அப்படியே எழுதிக் கொடுத்தேன். போன ஞாயிறு பார்த்தசாரதி சார் என் பேப்பர் கட்டை எடுத்துப் புரட்டினார். ஏம்மா, இந்த சரண் பையன் போன வருஷமும் வந்தான், அப்பவும் நாலு வயசு, முந்தாநாள் இன்னொருத்தங்க கட்டுலயும் வந்தான், அங்கயும் நாலு வயசு, இவனுக்கு யாராவது சாப்பாடு போடறீங்களா இல்லையா என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. பின் பெஞ்சில் ஒருத்தி சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டாள், அந்த இன்னொருத்தி அவள்தான்.

திருப்பி எழுது, ஆனால் பிள்ளையைத் திருத்தாமல், ஒரு வார்த்தை புத்தி சொல்லாமல், சும்மா பார்த்து எழுது என்றார் சார். ஒரே ஒரு வாரம்தான் தவணை. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! அதே சரணைத்தான் பிடித்தேன், நிஜத்தில் அவனுக்கு ஐந்து முடிந்துவிட்டது. முதல் நாள் நாலாவது நிமிடத்தில், சட்டையில துடைக்காதடா என்றேன், அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். இரண்டாம் நாள் வாயில் துப்பட்டாவை வைத்துக் கட்டிக்கொண்டேன். அவன், ஆன்ட்டி உங்களுக்குப் பல் வலியா என்று கேட்டான். நேற்று செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினான். தொண்டை வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். அப்படியே அரை மணி நேரம் ஓடினான். விழுவான், விழுவான் என்று காத்திருந்தேன், விழவே இல்லை. அதையும் எழுதியிருக்கிறேன்.

அறிக்கையில் கடைசிக் கேள்வி, இந்தக் குழந்தைக்கு எது பிடிக்கும். சரணுக்கு அரைப் பக்கம் ஓடியது. பிறகு சும்மா, உனக்கு என்றால் என்ன எழுதுவேன் என்று பார்த்தேன். தக்காளி சாதம், மழையில் நனைவது, கணக்கு, அதோடு நின்றுவிட்டது. எல்லாம் ஒன்பதாம் வகுப்பு. பேக்கரியில் நீ என்ன செய்கிறாய், மாவு பிசைகிறாயா, அடுப்பில் நிற்கிறாயா, எதுவும் தெரியாது. என் பேப்பர் கட்டில் நீயும் சரண் மாதிரி வயசே ஏறாமல் நின்றுகொண்டிருக்கிறாய், பவ்யா. உன்னைக் கேள்வி கேட்டேனே தவிர, ஒரு நாளும் நீ சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கவில்லை.

அன்றைக்கு வேண்டாம் என்று சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். சரி என்று இன்னும் சொல்லவில்லை, அதற்கு விவரம் வேண்டும். எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும், எப்போது படிப்பாய், நடுராத்திரியில் ஒரு பாடம் புரியாமல் போனால் யாரைக் கேட்பாய், எல்லாம் எழுது. இது லேசான படிப்பு இல்லை, வகுப்பில் தூங்கினால் எழுப்ப ஆள் உண்டு, இங்கே நான் தூங்கினால் புத்தகமும் சேர்ந்து தூங்குகிறது. நீ கேட்ட அந்தப் படிப்புக்கு அப்ளிகேஷன் போட இருபத்தெட்டாம் தேதி கடைசி என்று அப்பா காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை, நானாகத்தான் பார்த்தேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், எந்தப் படிப்பு படித்தாலும் எந்த அடுப்பில் நின்றாலும். மாங்காடு அம்மனிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். அடுப்புக்குப் பக்கத்தில் துப்பட்டா போடாதே, போட்டால் பின் குத்து. புத்தி சொல்லிவிட்டேனோ, பரவாயில்லை, இந்தப் பக்கத்தைக் கிழிக்கப் போவதில்லை.

அன்புடனும் ஆசீர்வாதத்துடனும்,
அம்மா
தாட்சாயிணி பூபாலன், டிப்ளமோ மாணவி

பி.கு.: காலையில் அசைன்மென்ட்டைக் கொடுக்கக் கொரட்டூர் போகிறேன், போகிற வழியில் இதையும் பெட்டியில் போட்டுவிடுவேன். கட்டைவிரல் வேண்டாம். இருபத்தெட்டுக்குள் நாலு வரியாவது பதில் எழுது.