காலியாக இருக்க வெட்டிய குளம்

ஆகஸ்டு 4, திங்கள்

நகராட்சி மஜ்லிஸிலிருந்து வந்து கடைக்குப் பின்னால் ஒரு பச்சைத் தொட்டியை இறக்கிவிட்டுப் போனார்கள். இனிமேல் மிஞ்சுகிற சாப்பாடு மொத்தமும் அதில்தான் போக வேண்டுமாம். குப்பையோடு கலந்தாலும் அபராதச் சம்மன், லோங்காங் சாக்கடையில் ஊற்றினாலும் சம்மன். எனக்கு இதில் மறுப்பே இல்லை. இந்தப் பாச்சாங் ஊரில் இருக்கிற சாப்பாட்டுக் கடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து பின்பக்க லோங்காங்கை என்ன பாடுபடுத்தி வைத்திருக்கிறோம் என்று என் மூக்குக்குத் தெரியும்.

இவருக்குத்தான் முகம் விழுந்துபோயிற்று. வாயால் சொல்லாத பேரை இங்கேயாவது எழுதிக்கொள்கிறேன் – தாவூது. தொட்டியின் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். மூடினார். மறுபடியும் திறந்தார்.

"மீன் முள்ளு, எலும்பு, எச்சி எல எல்லாம் விழப்போற தொட்டியில சோத்தையும் போடச் சொல்றானுங்களா? பரக்கத்து போயிரும் நூரு, கட வெளங்காது."

சோற்றைக் குப்பையில் போடக் கூடாது, வாயுள்ள ஏதாவது ஒன்றுக்குத்தான் அது போய்ச் சேர வேண்டும். இது அவர் அத்தா போட்ட சட்டம். அரசாங்கச் சட்டம் அதற்குப் பிறகுதான். இத்தனை நாள் பூனைக்கும் லோங்காங் மீனுக்கும் போய்க்கொண்டிருந்தது. இனி எங்கே கொண்டுபோய்க் கொட்டப் போகிறார்?

ஆகஸ்டு 10, ஞாயிறு

தெரிந்துவிட்டது. கொலாமில்.

போன வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் வெட்டினார்களே, அந்தப் பெரிய பள்ளம். பக்கத்தில் அறிவிப்புப் பலகை நிற்கிறது: கொலாம் தக்குங்கான் பஞ்சிர். வெள்ளம் வந்தால் தேக்கி வைத்துக்கொள்கிற பள்ளம் என்று அர்த்தம். இந்த மனிதர் முதல் வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார். கொலாம் என்றால் குளம், குளம் என்றால் தண்ணீர் வேண்டும், தண்ணீர் என்றால் மீன் வேண்டும்.

"கணுக்கால் தண்ணி நிக்கிறதெல்லாம் ஒரு கொளமா? அசிங்கம்லா" என்றார்.

மோட்டார் சைக்கிளில் ஒரு வாளி சோறு, ஒரு பையில் திலாப்பியா குஞ்சுகள். மீன் தப்பி ஓடாமல் இருக்க மதகின் வாயில் பலகை வைத்துக் கம்பியால் இறுக்கியிருக்கிறார். எந்தப் பலகை? எங்கள் கடையின் பழைய போர்டு! 'ரெஸ்தோரான் நூர்' என்று என் பேர் போட்டது. என் பேர் தண்ணீருக்குள் நிற்கிறது என்று சொல்லிச் சிரித்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

செப்டம்பர் 5, வெள்ளி

மவ்லூது விடுமுறை. சாயங்காலம் கொலாமைப் பார்க்கப் போனேன். இடுப்பளவு தண்ணீர். பிள்ளைகள் கரையில் உட்கார்ந்து ரொட்டி சானாயைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது.

கரையிலிருந்து இறங்கினால் சிசிலியா வீடு. தாமானிலேயே தாழ்ந்த வரிசை அது. அவள் புருஷன் ரெஜினால்டு வாதம் வந்து படுத்தவர், முன் அறை சன்னலோரம்தான் கட்டில். காலையில் எங்கள் கடையிலிருந்துதான் அவருக்குக் கஞ்சி போகிறது. பாதி வார்த்தைதான் வரும், ஆனால் என்னைப் பார்த்தால் "கஞ்சி" என்பதை மட்டும் முழுசாகச் சொல்லிவிடுவார்.

"அக்கா, ஒங்க கொலாம் தண்ணி எங்க சன்னலுக்கு மேல நிக்கிதுலா" என்றாள் சிசிலியா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போது சிரிப்பு போய்விட்டது.

செப்டம்பர் 23, செவ்வாய்

கூத்து. பச்சைத் தொட்டியில் சோறே இல்லையே, எங்கே ஊற்றுகிறீர்கள் என்று சம்மன் எழுத ஒருவன் வந்தான். இவர் அவனைக் கொலாமுக்குக் கூட்டிப் போனார். போனவன் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பி வந்தான். உணவை வீணாக்காத முன்மாதிரிக் கடை நாங்கள்தானாம். பேனர் அடிக்கப் போகிறார்கள்.

சம்மன் எழுத வந்தவனுக்கு இவர் மீ கோரேங் கட்டிக் கொடுத்து அனுப்பினார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

தண்ணீர் பச்சையாகிவிட்டது. நாற்றம் அடிக்கிறது.

அக்டோபர் 9, வியாழன்

வடிகால் இலாகாவிலிருந்து கோகுலராஜ் என்று ஒரு தம்பி வந்தான். கடையில்தான் சாப்பிட்டான். மேலே சுவரில் இவர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற பேனர்.

"மாமா, அது மீன் வளக்கிற கொளம் இல்ல. காலியா இருக்கறதுதான் அதோட வேல. மழ பேஞ்சா மேட்டுத் தாமான் தண்ணியெல்லாம் அங்கதான் வரும். இப்பவே ரொம்பி நின்னா வர்ற தண்ணி எங்க போகும்?"

"காலியா கெடக்கிறது ஒரு வேலையா தம்பி?" என்று இவர் சிரித்தார்.

தம்பி சிரிக்கவில்லை. மதகில் ஏதோ அடைத்திருக்கிறது, தண்ணீர் பச்சையாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை, மெஷின் கொண்டுவந்து பார்க்க வேண்டும் என்றான். மேலே எழுதிப் போடுகிறேன், ஆனால் மஜ்லிஸ் இதற்கு முன்மாதிரி என்று பேனர் அடித்திருப்பதால் இரண்டு ஆபீசும் பேசி முடிக்க நாளாகும் என்றும் சொன்னான்.

ஏதோ அடைத்திருக்கிறதாம். இவர் அங்கேயே நின்று மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த மேசையையே மறுபடியும் துடைத்தார். வாயைத் திறக்கவில்லை.

நானும்தான் திறக்கவில்லை. ஏன்? புருஷனை மூன்றாம் மனிதர் முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று வளர்ந்த வளர்ப்பு. நல்ல வளர்ப்பு, போ.

அக்டோபர் 12, ஞாயிறு

சண்டை. கடையை மூடியதும் பிடித்துக்கொண்டேன்.

"பலகைய எடுங்க. நாளைக்கே."

"மீனு ஓடிரும்டி. உள்ளங்கை அளவுதான் வளந்திருக்கு."

"ஓடட்டும்! சிசிலியா வீடு கீழ இருக்கு, தெரியும்ல? படுத்த படுக்கையா ஒரு மனுஷன் கெடக்கிறாரு."

"தெரியாம என்ன? கிறிஸ்மஸுக்கு அந்த வரிசைக்கு மொத்தமா மீன் பொரிச்சுக் குடுக்கிறதா நிய்யத்து வெச்சிருக்கேன். ரெஜினால்டு வீட்டுக்குத்தான் மொத மீனு."

கெட்டவராக இருந்தால் திட்டித் தீர்த்துவிடலாம். கடைசியில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிடுகிறேன் என்று சொன்னார். சொல்லிவிட்டார். எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

ரெம்பியா ஊரில் கல்யாணச் சமையல் ஆர்டர். விடிகாலையில் போய் இருட்டிய பிறகு வந்தோம். பலகை இருந்த இடத்தில் இருக்கிறது.

அக்டோபர் 26, ஞாயிறு

இன்று இரண்டு பேரும் போனோம். நான் விடவில்லை, பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

வாரம் முழுக்கப் பெய்த மழையில் தண்ணீர் கரைக்கு ஒரு முழம் கீழே நிற்கிறது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கரையோரம் சில செத்து மிதந்தன, அதைத் தின்ன இரண்டு உடும்புகள். நாங்கள் வந்தபோது ஒன்றுதான் இருந்தது. கீழே போன சோறெல்லாம் அழுகிக் குழம்பாகிக் கிடக்கிறது. இவர் கைலியை மடித்துக் கட்டி இறங்கினார். கம்பி எட்டவில்லை. மூழ்கிப் பார்த்தார், வாந்தி எடுத்துக்கொண்டு மேலே வந்தார். தண்ணீர் பலகையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அசையவே மாட்டேன் என்கிறது என்றார்.

இத்தனை நாள் எடுக்கவில்லை. இப்போது எடுக்க நினைத்தாலும் முடியாது.

எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு எப்படி எழுதுவது? பயமாக இருக்கிறது.

நவம்பர் 3, திங்கள்

"கோகுலராஜ் தம்பிக்குப் போன் போட்டு உள்ளதச் சொல்லுங்க. அவங்கிட்ட மெஷின் இருக்கு."

"என்னன்னு சொல்றது? நான்தான் அடச்சேன்னா? அந்தப் பேனரு?"

"பேனர நான் கிழிச்சுப் போடுறேன்!"

"கத்தாத நூரு. வர்ற திங்கக்கிழம சொல்லிடுறேன்."

சிசிலியாவிடம் போய், மழை பலத்தால் ரெஜினால்டைக் கடை மாடிக்குக் கொண்டுவந்துவிடு என்றேன். "அவரத் தூக்க நாலு ஆளு வேணுமேக்கா" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தண்ணீர் வடியவில்லை, ஏன் தெரியுமா என்று. கஞ்சித் தூக்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நவம்பர் 8, சனி

மதியத்திலிருந்து மழை. இன்னும் விடவில்லை.

நவம்பர் 10, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

நேற்றுக் காலை கரை தாண்டிவிட்டது. உடையவில்லை, சும்மா நிரம்பி அந்தப் பக்கம் வழிந்தது, தாழ்ந்த வரிசை மொத்தத்துக்கும். சிசிலியா சர்ச்சுக்குப் போயிருந்தாள். பூசை முடிந்து அரை மணியில் வந்துவிடுவேன் என்று புருஷனிடம் சொல்லிவிட்டுத்தான் போனாளாம். வழியிலுள்ள பாலத்தில் தண்ணீர், அந்தப் பக்கமே நின்றுவிட்டாள்.

இவர் ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன். கதவைத் திறக்க முடியவில்லை, சன்னலை உடைத்து உள்ளே இறங்கினார். பச்சைத் தண்ணீர், அதன் மேல் சோறு மிதந்தது. எங்கள் கடைச் சோறு, ரப்புல் ஆலமீனே. ரெஜினால்டு கட்டிலோடு மிதந்து சுவரில் சாய்ந்து கிடந்தார், வாய்வரை தண்ணீர். அவரை எப்படித்தான் தோளில் போட்டாரோ, இவருக்கும் வயது அறுபது. மேட்டுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்தபோது இருமிக்கொண்டே இருந்தார். உயிர் இருந்தது.

தீயணைக்கிற பொம்பாக்காரர்கள் வந்து மதகில் கொக்கி போட்டு இழுத்தார்கள். பலகை கழன்று வெள்ளத்தோடு போயிற்று. அது என்ன பலகை என்று ஒருவரும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கொலாம் வடிந்துவிட்டது.

அவ்வளவு சுலபமாக வடிந்துவிட்டது.

நவம்பர் 13, வியாழன்

ஆஸ்பத்திரி. அழுக்குத் தண்ணீர் ரெஜினால்டு நெஞ்சுக்குள் போய்ச் சளி கட்டிவிட்டதாம். என்னைப் பார்த்தார். கஞ்சி என்கிற அந்த ஒரு வார்த்தைகூட வரவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

ரெஜினால்டு போய்விட்டார்.

நவம்பர் 18, செவ்வாய்

சர்ச்சில் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அடக்கம் முடிந்ததும் சிசிலியா எல்லார் முன்னாலும் வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, நீங்க இல்லன்னா அவரு அந்தத் தண்ணியிலேயே தனியாப் போயிருப்பாரு. பக்கத்துல இருந்து பாத்துக்க எனக்கு ஒரு வாரம் வாங்கிக் குடுத்தீங்க."

இவர் நின்றார். கையை இழுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து பேனரை இறக்கினார். சாப்பிடவில்லை.

டிசம்பர் 26, வெள்ளி

நேற்று அவள் வீட்டில் கிறிஸ்மஸ் இல்லை. இன்று காலை கடைக்கு வந்தாள். கையில் துணி சுற்றிய பலகை.

"அக்கா, இது ஒங்க பழைய போர்டுதானே? வெள்ளத்துல எங்க வீட்டுப் பின்னால வந்து சிக்கியிருக்கு. சேறு அள்ளும்போதுதான் பாத்தேன். ஒங்க பேரு போட்டிருக்கே, தூக்கிப் போட மனசு வரல. கழுவிக் காயவெச்சேன். கம்பி வேற சுத்தியிருந்துச்சு, கழட்டுறதுக்குள்ள கைய வெட்டிருச்சு."

விரலில் பிளாஸ்டர்.

நான் பலகையை வாங்கிக்கொண்டேன். தேங்க்ஸ் சொல்லிச் சாயா போடத் திரும்பிவிட்டேன், ஆமாம், நான் திரும்பிவிட்டேன். இவர் அடுப்படியிலிருந்து வந்தார்.

"அது நான் கட்டுன கம்பி, சிசிலியா" என்றார். "மதகு வாயில. மீனு ஓடிரக் கூடாதுன்னு. ஆபீசுலேர்ந்து வந்து கேட்டப்பவும் நான் சொல்லல."

சிசிலியா அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஒங்களுக்குத் தெரியுமாக்கா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

விரலில் இருந்த பிளாஸ்டரைத் தடவினாள். திட்டவில்லை. அழவில்லை. சாயா ஆறிக்கொண்டிருந்தது. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மதியம் இவர் கோகுலராஜின் ஆபீசுக்குப் போய்விட்டு வந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்றார். விசாரணைக்குக் கூப்பிடுவார்களாம்.

ஜனவரி 13, செவ்வாய்

கொலாம் காய்ந்து கிடக்கிறது. இரவு தூறல் விழுந்தாலே இவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு மதகைப் பார்க்கப் போய்விடுகிறார். மீனெல்லாம் எங்கே மாமா என்று ஒரு பையன் கேட்டான். "அது காலியா இருக்கத்தான் வெட்டுனது" என்றார்.

சிசிலியா கடையைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். எதிர்ப் பக்கமாக நடந்து போகிறாள்.

இன்று காலை கை தன் பழக்கத்துக்கு ரெஜினால்டுக்கும் சேர்த்துக் கஞ்சிக்கு அரிசி போட்டுவிட்டது. வெந்த பிறகுதான் உறைத்தது. ஒரு தூக்கு நிறைய மிஞ்சியது. அதை வைத்துக்கொண்டு பின்வாசலில் நின்றேன். பூனைக்கும் ஊற்ற மனசில்லை.

இவர் வந்தார். தூக்கைப் பார்த்தார். பிறகு பச்சைத் தொட்டியின் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், நான் ஊற்றி முடிக்கிறவரை.