மடியில் வைக்கும் அளவு கேபினட்

வெள்ளிக்கிழமை, இரவு.

கேம் விளையாட நானே இணைத்து உருவாக்கப்போகும் கம்ப்யூட்டருக்குப் பாகங்கள் எடுக்க இன்று காந்திபுரம் போனேன். எனக்கு நிச்சயமான செந்திலும் கூட வந்தார்.

பாகங்களையெல்லாம் உள்ளே வைக்க, கடையில் நான் எடுத்த பெரிய கேபினட் பெட்டியைப் பார்த்துச் செந்தில் சிரித்தார். "கல்யாணத்துக்கப்புறம் விளையாட்டெல்லாம் எதுக்குங்க? உங்க ஊட்டுலயே வெச்சுப்போட்டு வந்துருங்க."

நான் கடைக்காரரிடம் இருப்பதிலேயே சின்ன கேபினட்டைக் கேட்டேன்.

"அம்மணி, நீங்க எடுத்த கிராபிக்ஸ் கார்டு இதுல உக்காராதுங்க."

"அப்ப நீளம் கம்மியா வேற கார்டு குடுங்க."

"அத்தன சின்னதா எதுக்குங்க?" என்றார் செந்தில்.

"மடியில வெச்சுக்கிட்டே உங்கூரு காங்கேயம் வர்றதுக்குங்க."

பில் போடுவதற்குள் அவர் கிளம்பிவிட்டார். இதுவரை போனும் இல்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் அழுவாள். அழட்டும். அந்தப் பெட்டி இல்லாமல் நான் காங்கேயம் போகப்போவதில்லை.