பின்பக்கமாக மலையேறும் கார்

கொடியில் காய்கிற என் பட்டுச் சேலையிலிருந்து பெட்ரோல் வாசம் போகவே மாட்டேன் என்கிறது. இரண்டு தடவை அலசிப் போட்டுவிட்டேன். மஞ்சள் கறையாவது பரவாயில்லை, திருவிழாவுக்குப் போன சேலை என்று சொல்லிக்கொள்ளலாம். பெட்ரோலுக்கு என்ன சொல்வது? பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டுப் போகிறார்கள். சிரிக்கட்டும். நேற்று அதே வாயால் அவர்கள் போட்ட குலவை இன்னும் என் காதில் இருக்கிறது.

இந்த வாசத்தோடுதான் நீங்கள் தினமும் வீட்டுக்குள் வருவீர்கள். "குளிச்சிட்டு வந்து சோத்துல கை வைங்க" என்று நான் கத்துவேன். "ஒன் சக்களத்தி வாசம் புள்ள, கொஞ்சம் பொறுத்துக்க" என்பீர்கள். தோட்டத்து லொறியை ஓட்டிய நேரம் போக மிச்ச நேரமெல்லாம் உங்களுக்கு அந்தப் பழைய ஏ-ஃபோர்ட்டி கார்தான். பண்டாரவளையில் ஓய்வுபெற்றுப் போன ஒரு கிளாக்கரய்யாவிடம் அதை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்த நாளில், முகப்பில் இரண்டு பக்கமும் உப்பிய கன்னம், நடுவில் இளிக்கிற பல் என்று அதைப் பார்த்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. பிள்ளை பெறுகிற பெண்களைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதும், கல்யாணம் முடிந்த பெண்களைத் தெமோதரை ஸ்டேசனில் ரயிலேற்றியதும் அந்தக் கார்தான் என்று ஊரே கொண்டாடியது. நான் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். என் குணம் அப்படி, உங்களுக்குத் தெரியாதா?

ஆனால் திருவிழா அன்று நான் முணுமுணுக்க மாட்டேன். ஆற்றங்கரையிலிருந்து அம்மன் சிலையை, நம் ஆத்தாளை, இளவட்டங்கள் தோளில் சுமந்து வருவார்கள். கோயிலுக்குக் கீழே உள்ள செங்குத்தான ஏற்றத்தில் தோள் சுமை ஆகாது. அங்கே உங்கள் கார் நிற்கும். ஆத்தாளைக் காரின் கூரைமேல் கெரியரில் வைத்துக் கட்டுவார்கள். முதல் கியரில் அந்த ஏற்றத்தைக் கார் தாங்காது என்பதால், காரைத் திருப்பி நிறுத்தி, ரிவர்சில் ஏற்றுவதுதான் உங்கள் வழக்கம். "ரிவர்ஸ் கியருக்குத்தான் பலம் ஜாஸ்தி" என்பீர்கள். முதல் வருஷம் கோயில் தலைவர் குதித்தார். "சாமிய பின்னால கொண்டு போறதா? அடுக்குமா?" நீங்கள் அசரவில்லை. "ஆத்தாவ டிக்கிப் பக்கம் பாத்து உக்கார வைங்க. வண்டிதான் பின்னால போகும், அவ முன்னாலதான் போவா." அன்றிலிருந்து அதுவே நம் தோட்டத்து முறையாகிவிட்டது.

ஆத்தாள் கூரைமேல் ஏற்றத்தைப் பார்த்துப் போவாள். கீழே, காரின் மூக்குக்கு எதிரே, நாங்கள் பெண்கள் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு ஏறி வருவோம். கரகம் எடுத்து வருகிறவர் காலில் ஊற்றுவது போலக் காரின் சக்கரத்திலும் மூக்கிலும் ஊற்றிக் குளிர வைப்போம். வழியில் நின்றால் உருளாமல் இருக்கச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கக் கட்டையோடு இரண்டு ஆள் கூடவே நடப்பார்கள். அந்தக் கட்டைக்கு ஒரு வருஷமும் வேலை வந்ததில்லை.

உங்கள் கடைசித் திருவிழாவில் வந்தது. பாதி ஏற்றத்தில் இரண்டு தரம் இருமிவிட்டு இஞ்சின் நின்றது. நீங்கள் என்னென்னவோ செய்து பார்த்தீர்கள். ஆத்தாளை இறக்கி ஆட்கள் தோளில் தூக்கித் தடுமாறிக்கொண்டு ஏறினார்கள். காரைக் கீழே நம் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். அந்த வாரமே உங்களுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஆத்தாளுக்கு எம்மேல என்ன புள்ள கோவம்?" பதில் இல்லாமலே நீங்கள் போய்விட்டீர்கள்.

அதன் பிறகு ஆத்தாளைத் தோட்டத்து டிராக்டர் ஏற்றியது. கார் கொட்டகையில் கிடந்தது. எலி சீட்டைத் தின்றது, கோழி பின்சீட்டில் அடைகாத்தது. கொழும்பிலிருந்து மகள் போன் எடுக்கும்போதெல்லாம் "அத பழைய இரும்புக்குப் போட்டுருங்கம்மா" என்பாள். போட்டிருப்பேன். உங்கள் மீதுள்ள பாசத்தால்தான் வைத்திருந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன், சோம்பல்தான்.

போன வருஷத் திருவிழாவில், நம் கொட்டகையைத் தாண்டிப் போகும்போது ஒருத்தி தன் பேத்தியிடம் கையை நீட்டிக் காட்டினாள். "இந்தக் கார்தான். ஆத்தா வேணாம்னு எறங்கிப் போனாளே, அது." பிள்ளை கேட்டது: "ஓட்டுனவரு என்ன தப்பு செஞ்சாரு?" அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. எத்தனை பேறுகாலத்துக்கு ஓடிய மனுஷன்! நீங்கள் என்ன தப்பு செய்தீர்கள்? என்னைத் தவிர வேறு யாரையும் உங்களைக் குறை சொல்ல நான் விட்டதில்லை. அன்றே முடிவு செய்தேன்: அடுத்த திருவிழாவில் ஆத்தாள் இந்தக் காரில்தான் ஏறுவாள்.

பிள்ளைக்காம்பராவில் வேலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகளைத் தொட்டில் ஆட்டி வளர்த்துவிட்டு ஓய்வு பெற்றபோது கிடைத்த பணம் கையில் இருந்தது. ஒரு லொறியில் கயிறு கட்டிக் காரைப் பதுளைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே ஒரு சிங்கள மெக்கானிக், எல்லாரும் பாஸ் என்று கூப்பிடுகிறவர், பழைய வண்டிகளில் கைதேர்ந்தவர். கையைவிட வாய் நீளம். காரைச் சுற்றி வந்து, "அக்கே, இத வச்சி சோறு ஆக்கலாம், ஓட்ட ஏலாது" என்றார். "நீங்க ஆக்குங்க, நான் ஓட்டுறேன்" என்றேன். சிரித்துவிட்டார். அதோடு எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனது.

இஞ்சின் இறுகிப் போயிருந்தது. பிளக்குகளைக் கழற்றி அந்த ஓட்டைகளில் எண்ணெய் ஊற்றி, உளுந்து ஊறப் போட்ட மாதிரி விட்டுவிட்டார். நான் பஸ் ஏறிப் போகும்போதெல்லாம் "இன்னும் ஊறுது" என்பார். ஒரு நாள் முன்பக்கம் கம்பியை விட்டுச் சுற்றினார், இஞ்சின் அசைந்தது. பிறகு பெட்ரோல் தொட்டியில் துரு, பிரேக்கில் ரப்பர் இல்லை, கிளட்ச் ஒட்டிக்கொண்டது என்று ஒவ்வொன்றாக வந்தது. சில சாமானுக்கு, பழைய உதிரிச்சாமான் கடைகள் உள்ள கொழும்பு பஞ்சிகாவத்தைக்கே ஆள் அனுப்பினார். நானும் சும்மா உட்காரவில்லை. துருவை உப்புத்தாளால் தேய்த்தது நான்தான். இவ்வளவு நாள் திட்டிய அந்தக் காரின் கன்னத்தைத் தடவித் தடவிப் பளபளப்பாக்கினேன். உங்களுக்கு இதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

ஒரு நாள் பாஸ் என்னைக் கூப்பிட்டார். பிளக்குகளுக்கு நெருப்புப்பொறியைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கையில் வைத்திருந்தார். "அக்கே, இதுக்குள்ள யாரு கறி ஆக்கினது?"

மூடியின் உள்பக்கம் முழுதும் மஞ்சள். காய்ந்து ஏடாகப் பிடித்திருந்தது. அதன் பக்கத்து இடுக்கில் கருகிய வேப்பிலை.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த வருஷம் இஞ்சின் சூடாகிறது என்று நீங்கள் இஞ்சினை மூடும் பானெட்டைச் சரியாகச் சாத்தாமல், இடைவெளி விட்டுக் கயிற்றால் கட்டியிருந்தீர்கள். நாங்கள் பெண்கள் பக்தியோடு குடம் குடமாக நேரே உள்ளே ஊற்றிவிட்டோம்! "தண்ணி போச்சி, நெருப்பு வரல்ல. தொடச்சி வெயில்ல காய வச்சா அன்னைக்கே போயிருக்கும்" என்றார் பாஸ்.

அங்கேயே ஒரு டயர் மேல் உட்கார்ந்து அழுதேன். பாவம், அந்த மனுஷன் பயந்து போய்த் தேத்தண்ணிக்கு ஆள் அனுப்பினார். நான் துக்கத்தில் அழவில்லை. உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதே என்று அழுதேன். ஆத்தாளுக்கு உங்கள் மேல் ஒரு கோபமும் இல்லை. கேட்கிறதா? ஒரு கோபமும் இல்லை. அவளைக் குளிர வைக்கிறோம் என்று உங்கள் இஞ்சினைக் குளிர வைத்துவிட்டோம், அவ்வளவுதான்.

கோயில் கமிட்டியில் போய்ச் சொன்னேன். தலைவர் தாடியைச் சொறிந்தார். "மஞ்சத்தண்ணி ஊத்தினா வண்டி நிக்கும்ங்கிற. அப்ப இனிமே ஊத்தக் கூடாதா? பொம்பளைங்க சும்மா இருப்பாங்களா?"

"ஊத்தட்டுங்க. எப்பவும் போல ஊத்தட்டும். வண்டி போகும்."

"போகாட்டி?"

"போகாட்டி அத நானே பழைய இரும்புக்குப் போடுறேன். ஒங்க வாயில வர்றத எல்லாம் கேட்டுக்கிறேன்."

"சரி தாயி. ஆனா ஏத்தத்துல இன்னொருக்கா நின்னுச்சுன்னா, அப்புறம் ஆத்தா முடிவு பண்ணிட்டான்னுதான் அர்த்தம்" என்றார். உங்கள் பேர் முழுதும் அந்த ஏற்றத்தில் போய் நின்றது.

ஓட்ட ஆள் தேடினேன். உங்களோடு லொறியில் இருந்தவர்கள், உங்களிடம் சாப்பிட்டவர்கள், எல்லாரும் கையை விரித்தார்கள். "சாமிய வச்சிக்கிட்டு நின்னா யாருக்கா பதில் சொல்றது?" சரிதான் போங்கடா என்று பண்டாரவளைக்குப் போய் டிரைவிங் பழகச் சேர்ந்தேன். இந்த வயதில் எல் போர்டு! மகள் போனில் சிரித்த சிரிப்பு பூனாகலை வரைக்கும் கேட்டிருக்கும். லைசன்ஸ் எடுத்த பிறகு, தோட்டத்து ரோட்டில் வெறுங்காரைப் பின்பக்கமாக ஏற்றி ஏற்றிப் பழகினேன். கழுத்து ஒரு பக்கமே திரும்பிப் போனது. நீங்கள் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு ஓட்டியது ஏன் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நேற்று ஆத்தாளைக் கெரியரில் வைத்துக் கட்டினார்கள். பாஸும் வந்திருந்தார். அதற்கு முன்பே அந்த மஞ்சள் மூடியின் இடத்தில் புதியதைப் போட்டு, சோற்றுப் பார்சல் கட்டுகிற லஞ்ச் சீட் என்கிற பிளாஸ்டிக் தாளை எடுத்து அதைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டு இறுக்கியிருந்தார். "இப்ப கங்கையே வந்தாலும் பயமில்ல" என்றார். தப்பு மேளம் தொடங்கியது. உங்களைத்தான் நினைத்தேன். உங்கள் முகத்தை அல்ல, "கிளட்ச மெதுவா விடணும்" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்த உங்கள் குரலை.

மெதுவாக விட்டேன். கார் நகர்ந்தது. சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கிய சத்தம் கேட்டது. பாஸ் பின்னால் மேலே நடந்தபடி "வாங்க, வாங்க, ஹரி, சரி, வாங்க" என்று கை காட்டினார். பழைய இடம் வந்தது. அன்று நின்ற அதே இடம். தப்பு மேளம்கூடக் கொஞ்சம் தணிந்த மாதிரி இருந்தது. பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊற்றாமல் தயங்கினார்கள். காரணம் தெரிந்து போனதால் எல்லாருக்கும் பயம். உங்கள் பெயருக்காக அவர்கள் தங்கள் நேர்த்திக்கடனை அடக்கிக்கொண்டு நின்றார்கள். அந்தத் தயக்கத்தோடு மேலே போயிருந்தால், கார் ஏறியிருக்கும், ஊர்ப்பேச்சும் ஓய்ந்திருக்கும். ஆனால் எனக்கு அது போதவில்லை, எப்போதும் போலத் தண்ணீர் ஊற்றியே ஏற வேண்டும்.

ஜன்னலில் தலையை நீட்டி, தொண்டை கிழியக் கத்தினேன்: "ஊத்துங்கடி!"

ஊற்றினார்கள் பாருங்கள்! குடம் குடமாக, குலவை போட்டுக்கொண்டு, மூக்கிலும் சக்கரத்திலும் கண்ணாடியிலும் என் சேலையிலும். இஞ்சின் ஒரு தரம் இருமியது. என் உயிர் போய் வந்தது. அடுத்த நொடி ஒரு உறுமல், கார் மேலே ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் ஊற்ற ஊற்ற ஏறியது. முட்டுக்கட்டை ஆட்கள் கட்டையைத் தேயிலைக்குள் எறிந்துவிட்டுக் கைதட்டினார்கள். கோயில் வாசலில் கார் வந்து நின்றபோது தலைவர் ஜன்னலருகில் குனிந்தார். "தாயி, அவரு மேல சொன்ன பேச்செல்லாம் தப்பு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "அத எங்கிட்ட சொல்லாதீங்க, ஊருக்குச் சொல்லுங்க" என்றேன். மைக்கைப் பிடித்துச் சொன்னார். உங்கள் பேரை எல்லாரும் கேட்கச் சொன்னார்.

நான் உங்களுக்குச் சொல்ல உட்கார்ந்தது இது மட்டும் இல்லை. இன்னொன்று இருக்கிறது.

முன்கண்ணாடியில் வழிந்த மஞ்சள் தண்ணீரை வைப்பர் தள்ளியபோது, நான் ஒரு கணம் முன்பக்கம் திரும்பிப் பார்த்தேன். கார் பின்னால் போகிறது, ஆனால் கண்ணாடிக்கு எதிரே மொத்தத் தோட்டமும் என்னைப் பார்த்து ஏறி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முகமும் தெளிவாகத் தெரிந்தது. யார் யார் என்ன சேலை, யாருக்கு மூச்சு வாங்குகிறது, யார் அழுகிறாள், எல்லாம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு வருஷமும் அந்தக் கூட்டத்தில் நான் முன்வரிசையில் குடத்தோடு வந்திருக்கிறேன். ஆத்தாளைப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நான் பார்த்ததெல்லாம் அவளுடைய முதுகைத்தான். நீங்கள் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, ஏற்றம் முழுவதும், ஜன்னலிலிருந்து தலையை உள்ளே இழுத்த போதெல்லாம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஏறியிருக்கிறீர்கள். ஒரு தரமாவது சொன்னீர்களா? கள்ளர்!

அடுத்த திருவிழாவிலும் நான்தான் ஓட்டுவேன் என்று தலைவரிடம் சொல்லிவிட்டேன். அந்தக் கண்ணாடி வழியே நீங்கள் என் முகத்தைப் பார்த்த அதே இடத்தில் உட்கார்ந்து, இனி நான் இந்த முகங்களைப் பார்த்துக்கொண்டே ஏறுவேன்.